தரங்கம்பாடிச் சரித்திரத்தில் நம் பங்கு

அமெரிக்காவிலே டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் என்றொரு நகரம் இருக்கிறது. மொன்றியலிலிருந்து காரில் ஒரு பகற்பொழுது ஓட்டினால் போய்ச் சேரலாம். 1638ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சுவீடன் தேசத்துக் கப்பல்கள் இரண்டு அங்கே ஆற்றோரம் வந்து நின்றன. ஒன்றின் பெயர் கல்மார் நிக்கல், மற்றதன் பெயர் ஃபோகல் கிரிப். வந்தவர்கள் ஒரு கோட்டை கட்டி, அப்போது சிறுமியாக இருந்த தங்கள் அரசி கிறிஸ்டினாவின் பெயரை அதற்கு இட்டார்கள். 1655 இல் டச்சுக்காரர் படையுடன் வந்து அதனைப் பிடித்துக்கொண்டனர். "புதிய சுவீடன்" என்று பெயர் பெற்ற அந்தக் குடியேற்றம் பதினேழே ஆண்டுகள்தான் நிலைத்தது. அதில் வாழ்ந்தவர்களும் சில நூறு பேருக்கு மேல் இல்லை. அவர்களிலும் பலர் பின்லாந்துக்காரர்.

பதினேழு ஆண்டு நடந்த ஒரு காரியத்தை முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். கப்பல் வந்து நின்ற இடம் இன்று ஒரு பூங்கா. 1938 இல் முந்நூறாம் ஆண்டு விழாவுக்கு சுவீடன் அரச குடும்பத்தார் நேரிலே வந்தார்கள். அப்போது கார்ல் மில்லஸ் என்ற சுவீடிய சிற்பி செய்த நினைவுத்தூண் அங்கே நிறுவப்பட்டது. 1699 இல் கட்டி முடித்த தேவாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. பழைய கப்பலைப் போலவே ஒரு கப்பலைக் கட்டி 1997 இல் தண்ணீரில் இறக்கினார்கள்; பள்ளிப் பிள்ளைகளை அதில் ஏற்றிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிலடெல்பியாவிலே இதற்கென்று 1909 இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1926 இல் ஓர் அருங்காட்சியகத்துக்கும் அடிக்கல் நாட்டினார்கள்.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு செய்தி தெரியவரும். முதற் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் சிலர் இருந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தக் குடியேற்றத்தின் வரலாற்றை இரண்டு பெரிய பாகங்களாக 1911 இல் எழுதி வெளியிட்டவரும், அருங்காட்சியகம் எழுவதற்கு முன்னின்றவருமான அமாண்டஸ் ஜான்சன் என்பவர் அந்த வம்சத்தவர் அல்லர். அவர் 1877 இல் சுவீடனில் பிறந்து, சிறு பிராயத்திலே அமெரிக்காவுக்கு வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்த லட்சக்கணக்கான சுவீடியரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். டெலவேர் ஆற்றங்கரையில் 1638 இல் இறங்கியவர்களோடு அவருக்கு இரத்த உறவு இல்லை. மொழி ஒன்று, வந்த நாடு ஒன்று, அவ்வளவே. அது போதும் என்று அவர் எண்ணினார். ஐரோப்பாவின் ஆவணக் களரிகளிலே போயிருந்து பழைய ஏடுகளைப் படித்தார்.

நான் குடியிருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலும் நிலைமை இதுதான். கம்பளித் தோல் வியாபாரக் காலத்தில், லஷீனிலிருந்து மேற்கே காடுகளை நோக்கிப் புறப்பட்ட படகுக்காரர்கள் கடைசியாகக் கும்பிட்டுப் போன கோயில் எங்கள் ஊர்ப் புனித அன்னம்மாள் கோயில். இது எங்கள் ஊரில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் படகுக்காரர் வம்சத்தில் வந்த பிள்ளை, வியட்நாமிலிருந்து வந்த பிள்ளை, நம் பிள்ளை என்ற பேதம் இல்லாமல் எல்லோருக்கும் தெரியும். ஊரார் சொல்லிக் கொடுக்கிறார்கள், பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கிறது. ஆனால் சுவீடியருக்கு அடுத்த வீட்டுக்காரரான டேனியர் நம் தமிழ்க் கரையிலே 225 ஆண்டுகள் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பெரியவர்களிலேயே தரங்கம்பாடி என்றால் "கடற்கரையில் ஒரு கோட்டை இருக்குமே" என்பதோடு பலருக்கு நின்றுவிடும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களிலும் போர்த்துக்கீசர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எல்லோருக்கும் பந்தி வைத்த பிறகு டேனியருக்குச் சில வரிகளே மிஞ்சும்.

தரங்கம்பாடியின் கதை உண்மையில் இலங்கையை நோக்கித்தான் தொடங்குகிறது. டென்மார்க்கின் அரசன் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில், 1616 இல், கிழக்கிந்தியக் கம்பனி ஒன்று கோப்பன்ஹேகனில் ஏற்படுத்தப்பட்டது. கண்டி அரசன் செனரத்தின் தூதன் என்று சொல்லிக்கொண்டு போஷவர் என்ற டச்சுக்காரர் ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்தார். போர்த்துக்கீசரைத் துரத்த உதவினால் இலங்கை வியாபாரம் உங்களுக்கு என்பது பேச்சு. 1618 இன் இறுதியில் கப்பல்கள் புறப்பட்டன. தளபதி ஓவே யெட்டே என்பவருக்கு வயது இருபத்துநான்கு. கடல் வழியிலேயே நோயினால் பலர் மாண்டனர். தூதர் போஷவரும் கரையைக் காணாமலே இறந்துபோனார். 1620 இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த யெட்டே, கண்டி அரசனோடு பேசி, திருகோணமலையில் காலூன்றப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் நம்மில் சிலருடைய ஊர்ச் சரித்திரம் வேறு விதமாகப் போயிருக்கும்.

இதற்கு முன்னரே வந்துவிட்ட ரோலண்ட் கிராப் என்பவரின் கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசர் தாக்கி நாசம் செய்தனர். தப்பிக் கரையேறிய கிராப், தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரின் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். நாகப்பட்டினத்திலே போர்த்துக்கீசர் ஒருவரே வியாபாரம் செய்துகொண்டிருப்பது நாயக்கருக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு கூட்டம் வந்தால் நல்லதுதான் என்று அவர் நினைத்தார் போலும். 1620 நவம்பரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. நாயக்கர் டென்மார்க் அரசனுக்குப் பொன் ஏட்டிலே எழுதி அனுப்பிய திருமுகம் இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் களரியில் இருக்கிறது. டேனியக் கடல் வாணிபக் கம்பனிகளின் ஆவணங்களை யுனெஸ்கோ 1997 இல் தன் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

டேனியர் வருமுன் அங்கே ஊர் இல்லாமல் இருந்ததோ என்றால், அதுவும் இல்லை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடலோரத்திலே இருக்கிறது. அக்காலக் கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்ற பெயரே வியாபாரத்தைச் சொல்லும். கோயிலின் முற்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகும்போது, அதற்கு முந்நூறு ஆண்டு மூத்த அந்தக் கோயிலையும் எட்டிப் பார்த்தால் ஊரின் வயது விளங்கும்.

டேனியர் ஆட்சி என்றால் ஏதோ பெரிய சாம்ராச்சியம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு கோட்டை, மதில் சூழ்ந்த ஒரு சிறு நகரம், சுற்றிலும் சில கிராமங்கள். 1640களின் நடுவிலிருந்து 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. ஐரோப்பாவில் யுத்தம், கம்பனி முறிந்துபோயிற்று. மற்றவர்கள் இறந்தும் போயும் தீர்ந்த பின் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண மனிதர் ஒருவரே கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தார். நாயக்கரின் ஆட்கள் வந்து நெருக்கியபோது ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669 இல் ஃபெரோ என்ற கப்பல் வந்தபோது கோட்டையில் டேனியக் கொடி பறந்துகொண்டிருந்தது. டேனியர் இக்கதையைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லலாம். ஆனால் அந்த மதிலுக்கு மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் யார்? ஒற்றை ஐரோப்பியருக்கு இத்தனை வருஷம் சோறு போட்டவர்கள், காவல் நின்றவர்கள், அவர் பெயரில் வியாபாரம் செய்து கணக்கு எழுதியவர்கள் யார்? அவர்கள் தமிழர்கள். கோங்ஸ்பாக்கேயின் பெயர் நூல்களில் இருக்கிறது, அவர்களுடையது இல்லை.

டேனியரை மற்ற ஐரோப்பியரைவிட நல்லவர்கள் என்று சொல்லும் வழக்கமும் ஒன்று உண்டு. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் பலம் குறைந்தவர்கள், அதனால் அடக்கமாக இருந்தார்கள் என்பதே சரி. பஞ்ச காலத்திலே தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய கணக்கில் டேனியக் கப்பல்களும் உண்டு. சோழமண்டலக் கரை வாணிபத்தை ஆராய்ந்தவர்களுள் முதல் வரிசையில் வைக்கத் தக்கவர் நம் ஈழத்தவரான சின்னப்பா அரசரத்தினம். 1986 இல் வெளிவந்த அவருடைய நூலைப் படித்தால், ஐரோப்பியக் கம்பனிகளுக்குப் பின்னால் நின்று வியாபாரத்தை நடத்திய நம்மவர் எத்தகையவர் என்பது தெரியும்.

1706 ஜூலை 9 அன்று பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளூட்சௌ என்ற இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் தரங்கம்பாடிக்கு வந்தனர். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக். அவர்கள் வந்த காரியம் மதம் மாற்றுவது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. கோயில் சங்கத்து இதழிலே அவர்களைப் பற்றி எழுதுவானேன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அவர்கள் செய்த காரியத்துக்காக அல்ல, அவர்கள் எழுதி வைத்ததற்காக எழுதுகிறேன்.

சீகன்பால்க் வயது முதிர்ந்த ஓர் உபாத்தியாயரிடம் போய், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று பட்டியல் எழுதினார். 1708 இல் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் ஆக்கினார். அதே ஆண்டின் இறுதியில் டேனியத் தளபதியோடு மோதல் ஏற்பட்டு, அவரையே கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்தார்கள். பின்னர் அச்சு இயந்திரம் வந்தது, ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்ததால் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். பொறையாறில் கடதாசி ஆலையும் வைத்தனர். தமிழில் முதலில் அச்சிட்டது தரங்கம்பாடி என்று நம்மவர் சிலர் மேடைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. தமிழ் எழுத்தில் அச்சான நூல் 1578 லேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது.

சீகன்பால்க் நம் தெய்வங்களைப் பற்றி, ஊர்த் தேவதைகள் உட்பட, விவரமாக எழுதிய நூல் 1713 இல் முடிந்தது. அதை ஹாலேக்கு அனுப்பினார். அங்கே இருந்த மேலிடத்தார் அதை அச்சிட மறுத்துவிட்டனர். புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினால் அதைப் பரப்பும்படி எழுதுவதா என்பது அவர்கள் எண்ணம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, 1867 இல்தான் சென்னையில் அச்சேறியது. அவர் எழுதிய மற்றொரு பெரிய நூல் 1711 இல் முடிந்தும் 1926 வரை காத்திருந்தது. நம் பாட்டன்மார் எதைக் கும்பிட்டார்கள், எந்தத் திருநாளில் என்ன செய்தார்கள் என்ற செய்தி, அதை விரும்பாதவர்களுடைய அலமாரியில் பத்திரமாக இருந்தது. சரித்திரத்தில் இப்படியும் நடப்பதுண்டு.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு அருமையாகப் படுவது வேறொன்று. 1712 முதல் 1714 வரை சீகன்பால்க்கும் அவருடைய தோழர் குரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். கடவுள், மறுபிறப்பு, சாதி, கலியாணம், வைத்தியம், சோதிடம், நீங்கள் ஏன் எங்கள் மார்க்கத்துக்கு வருவதில்லை என்று பலப்பல கேள்விகள். தமிழர்கள் பதில் எழுதினார்கள். அப்படி வந்த கடிதங்களில் தொண்ணூற்றொன்பது ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலேயில் 1714 இலும் 1717 இலும் அச்சாயின. ஐரோப்பியர் தமிழரைப் பற்றி எழுதிய நூல்கள் ஆயிரம் உண்டு. தமிழர் தங்களைப் பற்றித் தாங்களே ஐரோப்பியருக்கு எழுதி, அது அச்சிலும் வந்தது என்றால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதற்கு இணை காண்பது அரிது.

பதில் எழுதியவர்கள் பணிந்து எழுதவில்லை. பரம்பொருள் ஒன்று, பெயர்கள் பல என்று விளக்கியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வேதத்தில் நல்லது இருக்கலாம், ஆனால் உங்கள் ஆட்கள் மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, சுத்தம் இல்லாமல் திரிகிறார்களே, அவர்களைப் பார்த்து யார் வருவார்கள் என்று நேராகக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். சாதியைப் பற்றிய பதில்களைப் படித்தால் நமக்கு வெட்கமாகவும் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அச்சிட்டவர்கள் எழுதியவர்களின் பெயரைப் பெரும்பாலும் போடவில்லை. டேனியக் கம்பனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவர் பாதிரிமாருக்குத் தமிழ் கற்பிக்க உதவினார். பின்னர் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஜெர்மன் ஏடுகளில் அவர் பெயர் அலெப்பா என்று இருக்கிறது. அழகப்பன் என்பதன் திரிபாகலாம். கடிதங்களில் ஒரு பெரும்பகுதி அவர் கையால் எழுதப்பட்டது என்பது, 1998 இல் இவற்றை மறுபடி பதிப்பித்த குர்ட் லீபௌவின் கருத்து. கம்பனிக்கும் வேண்டாதவராகி, தன் ஊராருக்கும் சந்தேகத்துக்குரியவராகி, நடுவே நின்று எழுதிய மனிதர் அவர்.

என் தொழிலைச் சேர்ந்த செய்திகள் சிலவற்றையும் இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. குரூண்ட்லர் 1711 இல் தமிழ் வாகடச் சுவடிகளைக் கொண்டு "மலபார் வைத்தியர்" என்ற பொருள்படும் ஒரு நூலை ஜெர்மன் மொழியில் தொகுத்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றுதான் அழைத்தார்கள். இரத்தம் வாங்குவதும் பேதிக்குக் கொடுப்பதுமே ஐரோப்பிய வைத்தியத்தில் பாதியாக இருந்த காலம் அது. கரையிலே நோயில் விழுந்த டேனியர் தமிழ் வைத்தியரைக் கூப்பிட்டதில் வியப்பில்லை. 1798 இல் ஃபோலி என்ற டேனியச் சத்திரவைத்தியர், தரங்கம்பாடித் தமிழ் வைத்தியர்கள் எப்படி வைத்தியம் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதி வைத்தார். அதை நிக்லாஸ் தோடே ஜென்சன் என்ற டேனிய ஆய்வாளர் 2005 இல் மருத்துவ வரலாற்றுச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். நான் படித்த மருத்துவக் கல்லூரியில் வைத்திய சரித்திரம் என்று ஹிப்போகிரட்டீஸ் முதல் பாஸ்டர் வரை சொன்னார்கள். ஃபோலியை ஒருவரும் சொல்லவில்லை.

சுவீடனின் சம்பந்தமும் இங்கே உண்டு. உப்சாலாவில் தாவர சாத்திரப் பேராசான் லின்னேயஸிடம் படித்த யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768 இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்தார். வைத்தியத்தைவிடச் செடிகொடிகளில்தான் அவருக்கு நாட்டம். வயல் வரப்பெல்லாம் அலைந்து, காய வைத்த செடிகளைத் தன் குருவுக்கு அனுப்பினார். அப்படிப் போன ஒன்றுக்கு லின்னேயஸ் 1771 இல் மாணவன் பெயரைச் சேர்த்துப் பெயரிட்டார். அதுதான் நம் கறிவேப்பிலை. அதன் சாத்திரப் பெயராகப் பலகாலம் வழங்கிய "முர்ரயா கோனிகி" என்பதில் கோனிக் மட்டுமல்ல, லின்னேயஸின் இன்னொரு மாணாக்கரான, ஸ்டாக்ஹோமில் பிறந்த முர்ரேயும் இருக்கிறார். குளிர்காலத்தில் ஜன்னலோரம் தொட்டியில் வைத்து நம் வீட்டுப் பெண்கள் பிள்ளை வளர்ப்பது போல் வளர்க்கிறார்களே, அந்தச் செடியின் பெயரிலே தரங்கம்பாடி இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லத் தொடங்க இதைவிடச் சுலபமான இடம் கிடையாது.

1845 இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாவுக்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் தூங்கிவிட்டது. துறைமுகம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. கோட்டை நெடுங்காலம் அரசாங்க அதிகாரிகள் தங்கும் பங்களாவாக இருந்து, 1970களின் இறுதியில்தான் தமிழ்நாடு தொல்லியல் துறையிடம் வந்து காட்சிக்கூடமாயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கில் தரங்கம்பாடிக்கென்றே ஒரு சங்கம் எழுந்தது. கோட்டையைப் பழுதுபார்ப்பதில் அது பங்குகொண்டது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அவ்வூரில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று, பெரும்பாலோர் மீனவர். அதன் பிறகு வெளியிலிருந்து கவனமும் பணமும் கூடின. டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தை நடத்தி, பழைய ஆளுநர் மாளிகையைச் செப்பனிட உதவியது. 2017 இல் சீகன்பால்க் வாழ்ந்த வீடு ஓர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதில் ஹாலே நகரத்து நிறுவனத்தின் பங்கு பெரிது.

ஆகவே தரங்கம்பாடிச் சரித்திரம் அழிந்துபோகவில்லை, காப்பாற்றப்படுகிறது. ஆனால் காப்பாற்றுகிறவர்கள் கோப்பன்ஹேகனிலும் ஹாலேயிலும் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பாதியைக் காப்பது இயல்பு. வீதிகளுக்கு டேனியப் பெயர்ப் பலகை, மஞ்சள் சுண்ணாம்பு பூசிய மதில், ராஜா வீதியில் தூண் வைத்த வீடுகள் எல்லாம் பார்க்க அழகுதான். வலை காய வைக்கும் இடம் அந்த அழகுக்கு இடைஞ்சல் என்ற எண்ணம் வந்துவிடுவதுதான் ஆபத்து. இது யாருடைய சரித்திரம் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஹெல்லே யோர்கன்சன் என்ற டேனியப் பெண்மணி 2014 இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதே ஆண்டில் எஸ்தர் ஃபில் என்ற டேனிய அறிஞரும் நம் ஆ. இரா. வேங்கடாசலபதியும் சேர்ந்து ஒரு கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டனர். இந்த இரு கைச் சேர்க்கை இன்னும் அதிகமாக வேண்டும். தரங்கம்பாடியின் இடங்கை வலங்கைச் சாதிச் சண்டைகளைப் பற்றி, டேனிய நீதிமன்ற ஏடுகளைக் கொண்டு நீல்ஸ் பிரிம்னஸ் 1999 இல் எழுதினார். ஒரு பக்கத்தார் ஊரையே காலி செய்துகொண்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டினார்கள் என்பதை நாம் ஒரு டேனியர் எழுதிய நூலிலிருந்து தெரிந்துகொள்கிறோம். டேனிய மொழி படித்த தமிழ் வரலாற்றாசிரியர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், விரல் மிஞ்சும்.

மறுபடியும் டெலவேரை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே சுவீடியர் வந்தபோது அந்த ஆற்றங்கரை லெனாப்பே என்ற ஆதிக்குடியினருடையது. நிலத்தைக் கொடுத்தவர்களும், பசித்த காலத்தில் சோளம் விற்றவர்களும் அவர்களே. சுவீடியப் பாதிரியார் கம்பானியுஸ் லெனாப்பே பேச்சில் ஒரு ஞான உபதேச நூல் எழுதினார். அது 1696 இல் ஸ்டாக்ஹோமில் அச்சானது. தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு முந்தியது. ஆனால் லெனாப்பே மக்கள் சுவீடியரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அவர்களே எழுதிய கடிதம் ஒன்றுகூட நமக்கு இல்லை. ஆற்றங்கரையை இழந்து மேற்கே தள்ளப்பட்டவர்களில் ஒரு பிரிவினர் 1792 இல் கனடாவுக்கு வந்து, ஒன்டாரியோவில் தேம்ஸ் நதிக்கரையில் குடியேறினர்; அவர்கள் சந்ததியார் இன்றும் அங்கே மொரேவியன்டவுன் என்ற இடத்தில் வாழ்கிறார்கள். அவர்களை அங்கே அழைத்து வந்த மொரேவியப் பாதிரிமாரின் சபைதான் 1760 முதல் தரங்கம்பாடி அருகேயும் ஒரு தோட்டம் வைத்து வாழ்ந்தது என்பது ஓர் உபரிச் செய்தி. டெலவேர்ப் பூங்காவில் எத்தனை தூண் நாட்டினாலும் லெனாப்பேயின் பாதிக் கதையை இனி எழுத முடியாது. தரங்கம்பாடியில் நம் பாதிக் கதை எழுதியே கிடக்கிறது. எடுத்துப் படிப்பாரைத்தான் காணோம்.

அந்தத் தொண்ணூற்றொன்பது கடிதங்களில் ஒரு சங்கடம் உண்டு. நம்மவர் தமிழில் எழுதிய மூலங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இருப்பது பாதிரிமார் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு. அதிலிருந்து ஆங்கிலத்தில் சில கடிதங்கள் 1717 ஐ ஒட்டியே லண்டனில் வந்தன. டானியல் ஜெயராஜும் ரிச்சர்ட் ஃபாக்ஸ் யங்கும் 2013 இல் முழுவதையும் குறிப்புகளோடு ஆங்கிலத்தில் தந்தனர். ஆக, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழர் தமிழில் எழுதியதை நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோதான் படிக்க முடியும்.

நம் ஞாயிறு வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். அவர்கள் கையில் ஆளுக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்து, இதைத் தமிழில் திருப்பி எழுது என்று சொல்லலாம் என்பது என் யோசனை. வைத்தியத்தைப் பற்றிய கடிதத்தை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளோடு உட்கார நான் ஆயத்தம். பேதி மருந்துக்கும் நாடி பார்ப்பதற்கும் உரிய சொற்களை வீட்டிலே பாட்டிமாரிடம் கேட்டு வர வேண்டும். யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒரு சொல் சொல்வார், மாயவரத்துப் பாட்டி இன்னொன்று சொல்வார். 1712 இல் அந்த மனிதர் ஏட்டில் எழுதிய சொல் எது என்று வகுப்பில் வாதம் எழும். மாயவரத்துப் பாட்டி சொல்வதற்கே என் வாக்கு. தரங்கம்பாடி அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லையே.